நாலாம் பெட் ஆயா

ஐ.சி.யூ.வில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை உடுப்பே சொல்லிவிடும். முழங்கால்வரை வெள்ளைக் கோட்டு போட்டவர் பெரிய டாக்டர் அருணகிரி. அவர் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், யாரை வேண்டுமானாலும் பேசலாம். இடுப்பளவுக் கோட்டு போட்ட டூட்டி டாக்டர், கேட்டால் பேசலாம். வெள்ளைச் சேலை கட்டித் தலையில் குல்லாய் வைத்த சிஸ்டர்கள் எண்களை மட்டும் பேசலாம்: பி.பி. இவ்வளவு, காய்ச்சல் இவ்வளவு. காக்கிச் சட்டை போட்டு ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வரும் அட்டெண்டர் "ஒதுங்குங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். நீலச் சேலை கட்டிய ஆயா பேசவே கூடாது. ரவுண்ட்ஸ் நேரத்தில் அவள் உள்ளே இருக்கவும் கூடாது. வாளியையும் துணியையும் தூக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றுவிட வேண்டும்.

இத்தனை பேரில் நோயாளியின் உடம்பை நாள் முழுக்கத் தொடுகிறவள் அந்த ஆயா ஒருத்திதான். துடைப்பது, திருப்புவது, புண்ணாகாமல் முதுகில் பவுடர் போடுவது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் அவள் கை. மற்றவர்களுக்குக் காகிதம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. அந்த வேடிக்கையைப் பார்த்துச் சிரிக்கக்கூட அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

சூசைமேரிக்கு அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம். புலியகுளத்தில் வாடகை வீடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் பத்தாவது படிக்கிறாள். காலை ஏழு மணிக்கு டூட்டி என்றால் ஆறே முக்காலுக்கே நீலச் சேலை மடிப்புக் கலையாமல் வந்து நிற்பாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணி மாதம். நாலாம் பெட்டில் தொண்டாமுத்தூர் வள்ளியாத்தாள் படுத்திருந்தாள். வயது முப்பத்தைந்து. தக்காளிக் காட்டில் களை எடுக்கப் போனவளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வந்து மூன்று நாள் ஆகிறது. மூச்சு இரைத்ததால் வாயில் குழாய் செருகி மெஷினில் போட்டிருந்தார்கள். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது. பேச முடியாது, கை நீட்டிக் காட்டவும் முடியாது. ரத்தம் இன்னும் சரியாக உறையவில்லை, ஈறில் கசிந்துகொண்டே இருந்தது. விரியன் கடித்தால் அடுத்து கிட்னிதான் போகும் என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். ஆகவே எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு வந்தும் சேர்ந்தது.

முந்தின நாள் லீவு போட்டிருந்த சூசைமேரி அன்று காலை வந்தபோது, நாலாம் பெட்டின் சார்ட்டில் முந்தைய நாள் மாலை ஆறு மணியிலிருந்து மூத்திரக் கட்டத்தில் வரிசையாகச் சைபர். கட்டிலின் பக்கத்தில் தொங்கிய யூரின் பை சப்பையாகக் கிடந்தது.

"நைட்டு பூராவும் ஒரு சொட்டு வல்லீங்க ஆயா" என்றாள் டெய்சி சிஸ்டர். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன பெண். பயமும் சுறுசுறுப்பும் சரிபாதி. "கிட்னி ஃபெயிலியர்னு சொல்றாங்க."

"முந்தாநேத்து மூணு ஜாடி ஊத்துனனே கண்ணு. ஒரே பொழுதுல நின்னு போச்சா?"

"விசம் அப்பிடித்தானுங்க ஆயா."

சூசைமேரி வெந்நீர்த் துணியைப் பிழிந்து உடம்பு துடைக்க ஆரம்பித்தாள். முகம், கழுத்து, மார்பு. அடிவயிற்றுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தொப்புளுக்குக் கீழே, உருண்டையாக, உரிக்காத தேங்காயை உள்ளே வைத்த மாதிரி கெட்டியாக இருந்தது. மெதுவாக அழுத்தினாள். மயக்கத்தில் கிடந்தவளின் புருவம் நெறிந்தது. மானிட்டரில் நாடித்துடிப்பு சரசரவென்று ஏறியது. கையை எடுத்ததும் இறங்கியது.

இரண்டு பிள்ளை பெற்று ஒன்றை இழந்தவள், பதினோரு வருஷத்தில் எத்தனையோ வயிறுகளைத் துடைத்தவள். கிட்னி வேலை செய்யாவிட்டால் மூத்திரமே ஊறாது, ஊறாவிட்டால் வயிறு எதற்கு வீங்க வேண்டும்? தொடையைத் துடைக்கக் காலை அகற்றியபோது, குழாய் வரும் வழியில் பஞ்சு வைத்துச் சுற்றிப் பிளாஸ்டர் போட்ட ஒரு கட்டு தெரிந்தது. முந்தாநாள் அவள் துடைத்தபோது அந்தக் கட்டு அங்கே இல்லை.

பிரித்துப் பார்த்திருப்பாள். ஆனால் சுவரில் ஒரு நோட்டீஸ் இருந்தது: 'ஆயாக்கள் எந்தக் குழாயையும் தொடக்கூடாது. மீறினால் வேலை நீக்கம்.' மூன்று வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி குளுக்கோஸ் ஊசியை இழுத்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லா ஆயாவுக்கும் தண்டனை.

"சிஸ்டர், இக்கட்டால வந்து இந்த வயித்தைத் தொட்டுப் பாருங்க" என்று தன் பக்கம் கூப்பிட்டாள்.

டெய்சி தொட்டுப் பார்த்தாள், முகம் மாறியது, டூட்டி டாக்டர் டேவிட்சனிடம் ஓடினாள். அவர் தூக்கம் தெளியாத கண்ணோடு அடுத்த பெட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விரியன் கேஸ்ல வயிறு உப்பத்தான் செய்யும். யாரு சொன்னது?"

"ஆயா சொன்னாங்க சார்."

"அப்பிடியா? நாளைக்கு ஆபரேஷனையும் அவங்களையே பண்ணச் சொல்லுங்க."

சிரிப்பு வேறு. டெய்சி திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டாள். சூசைமேரிக்குக் காது சூடேறியது. ஆனால் டாக்டர் மீது வந்த கோபத்தைவிட அந்த வயிற்றின் மீது வந்த பயம் பெரிதாக இருந்தது.

பத்தரை மணிக்கு அமீர் ஹம்சா புதுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். உக்கடத்துக்காரர், அட்டெண்டர், நெற்றியில் எப்போதும் வியர்வை. ஸ்பானரால் நட்டைத் திருகிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க அக்கா, இந்த அம்மணிக்கு ஸ்கேன் எடுத்தாச்சுங்களா?"

"என்ன ஸ்கேனு?"

"நேத்துப் பொழுதோட பெரிய டாக்டர் சொன்னாருங்களே. கிட்னியும் மூத்திரப் பையும் பாக்கோணும்னு. பை நெறஞ்சாத்தான் படம் தெரியுமாம், ஒரு மணி நேரத்துக்குக் குழாயைக் கட்டி வைய்யுங்கன்னாரு. டேவிட்சன் சார்தான் மடிச்சுக் கட்டுனாரு. நாந்தான் பழைய கிளவுஸை வெட்டி ரப்பர் குடுத்தேன். அப்பறம் கரண்டு போச்சு. ஸ்கேன் டாக்டரு காங்கேயத்துல கலியாணம்னு கெளம்பிப்போட்டாரு. நான் அடுத்த வார்டுக்குப் போயிட்டனுங்க."

சூசைமேரி கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. நடந்தது அத்தனையும் அவள் கண் முன்னால் விரிந்தது. கட்டச் சொன்னவர் சொன்னார். கட்டியவர் கட்டினார். எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனார். ராத்திரி சிஸ்டர் பையைப் பார்த்தாள், சைபர் என்று எழுதினாள். அடுத்த மணிக்கும் சைபர். ஸ்கேன் நின்றுபோனது. அவிழ்க்க மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அதுதான் கொடுமை.

அவள் வாய் திறப்பதற்குள் கதவருகே "ரவுண்ட்ஸ்!" என்று குரல் கேட்டது. சிஸ்டர்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் குழந்தையம்மாள் கையைத் தட்டி நீலச் சேலைகளை வெளியே ஓட்டினார். டெய்சியின் காதில் "கட்டு, அந்தக் கட்டைப் பாரு" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் வள்ளியாத்தாளின் புருஷன் கிட்டுசாமி உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அதே வேட்டி. சூசைமேரியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அம்மா, எப்படி இருக்குதுங்க?"

"இருங்க, பாத்துட்டுத்தான் இருக்கறாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிஸ்டர் தலையை நீட்டி அவனைக் கூப்பிட்டாள். கையெழுத்துப் போட வேண்டுமாம். டயாலிசிஸ். கழுத்து நரம்பில் பெரிய ஊசி செருகி ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்வார்கள். ரத்தம் உறையாத உடம்பு என்பதால் ஆபத்து இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை.

சூசைமேரிக்கு ஒரு பழைய கேஸ் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் காரமடையிலிருந்து வந்த ஒரு டிரைவருக்கும் இதேபோல விரியன் கடி, இதே கழுத்து ஊசி. உறையாத ரத்தம் ஊசி முனையிலிருந்து நிற்காமல் வழிந்தது. ஏழு விரிப்பு மாற்றினாள். எட்டாவது விரிப்பில் அவரைச் சுற்றி அனுப்பினார்கள். அவருக்காவது உண்மையாகவே கிட்னி போயிருந்தது. இந்த அம்மணிக்கு எதற்கு?

கிட்டுசாமி உள்ளே போனான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவன் பின்னாலேயே சூசைமேரியும் போனாள்.

"ஆயா, வெளியே!" என்றார் குழந்தையம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

நாலாம் பெட்டைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள். பெரிய டாக்டர் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்சி ஏதோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கிட்டுசாமியின் கையில் பேனா.

"கையெழுத்துப் போட்டறாதீங்க" என்றாள் சூசைமேரி.

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு இது?"

"நாலாம் பெட்டு ஆயாங்க சார். அந்த அம்மணிக்கு மூத்திரம் நிக்கலீங்க. அடைச்சுக் கெடக்குது. அடிவயித்துல ஒருக்கா கை வெச்சுப் பாருங்க."

"டேவிட்சன், வயித்தைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ப்ளாடர் எம்ப்டி" என்றார் டேவிட்சன். மூத்திரப் பை காலியாம். கூசாமல் சொன்னார்.

"கேட்டாச்சில்ல? வெளிய போம்மா. மேட்ரன், இவங்களை அனுப்புங்க." பெரிய டாக்டர் மறுபடி சார்ட்டுக்குத் திரும்பினார். ஒரு சாண் தூரத்தில் அந்த வயிறு இருந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டினால் ஆயா சொல்லி நீட்டியதாகிவிடுமே!

இனிப் பேசிப் பயனில்லை என்று சூசைமேரிக்குப் புரிந்தது. சுவரில் இருந்த நோட்டீஸ் அவள் கண்ணில் பட்டது. மகளின் பள்ளிக்கூடப் பையும் ஞாபகம் வந்தது. மாதாவே என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். குழந்தையம்மாள் பிடிக்க வந்த கையை உதறிவிட்டு இரண்டெட்டில் கட்டிலருகே போனாள். போர்வையைத் தொடைவரை விலக்கி, பிளாஸ்டரை நகத்தால் கிழித்தாள். பஞ்சு விலகியது. உள்ளே குழாய் இரண்டாக மடிந்து, கிளவுஸ் ரப்பர் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கமாகக் கிடந்தது.

"தொடாதே!" என்று யாரோ கத்தினார்கள்.

சுண்டுவிரலைக் கொடுத்து ரப்பரை இழுத்தாள். அறுந்தது.

குழாய் நிமிர்ந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு மஞ்சளாக, தெளிவாக, தடதடவென்று பைக்குள் இறங்கியது. நூறு, இருநூறு, ஐந்நூறு. எல்லோரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். மெஷினைப் பார்த்த கண்கள், காகிதத்தைப் பார்த்த கண்கள் எல்லாம் மூத்திரத்தைப் பார்த்தன. ஆயிரத்தைத் தாண்டியபோது வள்ளியாத்தாளின் நெற்றிச் சுளிப்பு அவிழ்ந்தது. நாடித்துடிப்பு நூற்றிருபதிலிருந்து தொண்ணூற்றுக்கு வந்தது.

"கிட்னி நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் சூசைமேரி. வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிட்டுசாமிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். பெரிய டாக்டரைப் பார்த்து அல்ல. டேவிட்சனின் முகத்தில் ரத்தமே இல்லை. மடிந்த குழாயைப் பார்த்த கணத்தில் நேற்றுச் சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பெரிய டாக்டருக்கும் வந்திருக்க வேண்டும். "டயாலிசிஸ் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐந்தாம் பெட்டுக்கு நகர்ந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய ஆனை எழுந்ததும் பாகனைத்தான் முதலில் தேடும்.

மதியம் இரண்டு மணிக்குக் குழந்தையம்மாள் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் டைப் அடித்த தாள் ஒன்றும் ஊதா மைப் பெட்டி ஒன்றும் இருந்தன.

"உக்காரு மேரி" என்றார். அந்த அறையில் அதுவரை எந்த ஆயாவையும் உட்காரச் சொன்னதில்லை. "அந்த ஆளு பத்துப் பேர்கிட்ட சொல்லுவான். ஊர்க்காரங்க வண்டி கட்டிட்டு வருவாங்க. ஆஸ்பத்திரிப் பேரு கெட்டுப் போகும். அதனால ஒரு விளக்கம் எழுதி வெக்கச் சொல்லியிருக்கறாங்க. ரேகை வெச்சுட்டுப் போ. உன்னை லாண்டரிக்கு மாத்திருவோம். வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

சூசைமேரி தாளை எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று அங்கே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் படித்தாள். நோயாளியைக் குளிப்பாட்டும்போது கவனக்குறைவால் யூரின் குழாயை மடித்துக் கட்டிவிட்டேன், எனது தவறுக்கு மன்னிப்புக் கோருகிறேன் என்று இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

"மேட்ரனுங்க, நான் வந்தது இன்னிக்குக் காத்தால ஏழு மணிக்கு. சைபர் போட ஆரம்பிச்சது நேத்து ஆறு மணிக்கு. நான் ஊட்டுல இருந்துட்டே கையை நீட்டிக் கட்டுனனுங்களா?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ கட்டலைன்னும் தெரியும்." குழந்தையம்மாள் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "நானும் முப்பது வருஷம் வாயை மூடிட்டுத்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். உனக்குப் படிக்கிற புள்ளை இருக்கு மேரி. வீம்பு சோறு போடாது."

அந்தச் சொல் தைத்தது. மகளின் பரீட்சை, வாடகை வீடு, லாண்டரியின் சோடா நாற்றம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ரேகை வைக்க ஒரு நொடி போதும். ஆனால் அந்த விரலைப் பார்த்தபோது, ரப்பரை அறுத்த இடத்தில் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. இந்தக் கையால் காப்பாற்றிவிட்டு, இந்தக் கையாலேயே நான்தான் கொல்லப் பார்த்தேன் என்று முத்திரை குத்துவதா? முடியாது. செத்தாலும் முடியாது.

மைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். மேட்ரனின் பேனாவைக் கேட்காமலே எடுத்தாள். தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில், மிஷன் பள்ளிக்கூடத்தின் உருண்டைக் கையெழுத்தில் எழுதினாள்:

'ஸ்கேனுக்காகக் குழாயைக் கட்டச் சொன்னவர் பெரிய டாக்டர். கட்டியவர் டாக்டர் டேவிட்சன். ஸ்கேன் நடக்கவில்லை. அவிழ்க்க யாரும் சொல்லவில்லை. அவிழ்த்தது நான். மறுபடியும் கட்டிக் கிடந்தால் மறுபடியும் அவிழ்ப்பேன். இப்படிக்கு, சூசைமேரி, ஆயா.'

குழந்தையம்மாள் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "இதை நான் எப்படி அவருக்குக் குடுப்பேன்?"

"கையிலதானுங்க" என்று எழுந்தாள் சூசைமேரி. "நேரமாச்சு, அம்மணியைத் திருப்பிப் படுக்க வெக்கோணும்."

மறுநாள் டூட்டி நோட்டில் நாலாம் பெட்டுக்கு நேரே அவள் பெயர்தான் இருந்தது. யாரும் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்தான் அதிசயம். ஆனால் அது மறுநாள். அன்றைய மாலையைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது.

அடுத்த ஷிப்ட் ஆயா வராததால் சூசைமேரி தங்கிவிட்டாள். ஆறு மணிக்கு "ரவுண்ட்ஸ்!" என்ற குரல் கேட்டபோது, அவள் வள்ளியாத்தாளை ஒருக்களித்துப் பிடித்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற நீலச் சேலைகள் வாளியோடு வெளியேறின. அவள் நகரவில்லை.

"ஆயா" என்றார் குழந்தையம்மாள். முன்பிருந்த அதட்டல் அதில் இல்லை.

"கேட்டுச்சுங்க. வேலை முடியலீங்க."

வெள்ளைக் கோட்டுகள் வந்துவிட்டன. பெரிய டாக்டரின் கோட்டுப் பையில் மடித்த தாள் ஒன்றின் முனை தெரிந்தது. உருண்டை எழுத்து. அவர் கண் நீலச் சேலை மீது விழுந்து, அங்கேயே நின்றது. போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டேவிட்சன் தரையைப் பார்த்தார்.

சூசைமேரி வள்ளியாத்தாளை மெதுவாக மல்லாத்திப் படுக்கவைத்தாள், போர்வையைச் சரி செய்தாள். பிறகு கட்டிலின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றாள்.

டெய்சி சார்ட்டை நீட்டினாள். பெரிய டாக்டர் வாங்கினார், ஆனால் பார்க்கவில்லை. "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

"நான் சொன்னா நம்புவீங்களா சார்?" என்றாள் சூசைமேரி. "கை வெச்சுப் பாருங்க."

அவர் சார்ட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.